அரக்கோணம் போய்வந்த கல்யாணச் சாப்பாடு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாசியோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "அத்தை, மரியாதையா எழுதுங்க. நீங்க பேசற மாரியே எழுதிடாதீங்க" என்று பெரியவன் கேட்டுக்கொண்டான். மரியாதையாகத்தான் எழுதுகிறேன். நடுவில் யாருக்காவது சிரிப்பு வந்தால் அதற்கு அண்ணன் வாழ்ந்த விதம்தான் காரணம், நான் பொறுப்பில்லை.

அண்ணன் பிறந்தது திருத்தணியில், ரயில் நிலையத்தை ஒட்டிய வண்டிக்காரத் தெருவில். அந்தக் காலத்தில் திருத்தணி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. எங்கள் தெருவில் மனிதர்களோடு தமிழில் பேசுவார்கள், மாடுகளைத் தெலுங்கில் திட்டுவார்கள். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஒரே ஒரு மாட்டு வண்டி வைத்து மூட்டை ஏற்றிப் பிழைத்தவர். நைனா காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை, நான் கைக்குழந்தை. சில வருடங்களில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். நைனாவுடன் பிறந்த எங்கள் அத்தை, புருஷனை இழந்து தனியாக இருந்தவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுச் சமையலறையையும் சாமி அலமாரியையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அண்ணன் நைனாவின் வண்டியை எடுத்துக்கொண்டு, ஓட்ட ஆள் வைத்தார்.

நாற்பதுகளின் தொடக்கத்தில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அந்த ஒரு வண்டி ஒரு வரிசை வண்டிகளாகியிருந்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்து வியாபாரிகள் அனுப்பும் வேர்க்கடலை, வெல்லம், புளி, கைத்தறித் துணிச் சிப்பம் எல்லாம் அண்ணனின் வண்டிகளில் திருத்தணி ஸ்டேஷனுக்கு வரும். ஸ்டேஷன் பக்கத்தில் அண்ணனுக்கு ஒரு கொட்டகை இருந்தது. அங்கே இறக்கி, பிரித்து, கூட்ஸ் ரயிலில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து வருவதை ஊர்க்கடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய காலம் அது. மேடு வந்தால் கண்டக்டர் ஆண்களையெல்லாம் இறக்கித் தள்ளச் சொல்வார். அதைப் பார்த்த பிறகு எங்கள் மாடுகளுக்கு ஊரில் மரியாதை கூடிவிட்டது.

இந்தத் தொழிலில் அண்ணன் பெரிய ஞானி என்று எல்லோரும் சொல்வார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முதலில் இறங்க வேண்டிய மூட்டை கடைசியில்தான் ஏற வேண்டும் என்பார். போன வண்டி காலியாகத் திரும்பக் கூடாது என்பார். வீட்டிலும் இதே சட்டம்தான். கிணற்றடிக்குப் போகிறவள் கழுவ வேண்டிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது தண்ணீரோடு வர வேண்டும். ஒருநாள் நான் சும்மா கையை வீசிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காலி வண்டியா வர்றே" என்றார்.

வண்டிக்காரர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. எந்த மூட்டை எங்கே போக வேண்டும் என்பதற்கு அண்ணன் பொட்டு வைக்கும் முறை கொண்டுவந்தார். சாயமும் மையும் கிடைக்காத யுத்த காலத்தில், கோயில் ஊரான திருத்தணியில் தட்டுப்பாடே வராத பொருள்கள் இரண்டு: சுண்ணாம்பு, குங்குமம். சுண்ணாம்புப் பொட்டு வைத்த சரக்கு ஊருக்குள்ளேயே போகும். விளக்கெண்ணெயில் குழைத்த குங்குமப் பொட்டு வைத்தது ரயிலில் ஏறும். அவ்வளவுதான் சட்டம். வருடக்கணக்கில் ஒரு மூட்டைகூட வழி தப்பியதில்லை.

கொட்டகையில் ஏற்று இறக்குக்கு மேஸ்திரியாக இருந்தவர் முனுசாமி. நல்ல உழைப்பாளி, ஆனால் கேள்வி கேட்காமல் ஒரு மூட்டையைத் தொடமாட்டார். "மொதலாளி, இது ஆருது? இது இன்னாத்துக்கு இன்னிக்கே போவணும்? நாளிக்கு போனா ஆவாதா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார். ஒருமுறை இவர் கேட்டுக்கொண்டும் அண்ணன் பதில் சொல்லிக்கொண்டும் நின்றதில், பாதி வேர்க்கடலை பிளாட்பாரத்திலேயே நிற்க ரயில் புறப்பட்டுப் போய்விட்டது. அன்று அண்ணன் சத்தம் போட்டார். "இனிமே நீ வாயே தொறக்கக் கூடாது. பொட்ட பாரு. செவப்பா இருந்தா ஏத்து. ஆருது, இன்னாதுன்னு ஒரு கேள்வி வரக் கூடாது." முனுசாமி தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அவர் கொட்டகையில் ஒரு கேள்வி கேட்டதில்லை. அண்ணனுக்கு அதில் மிகவும் பெருமை.

இந்த நிலையில்தான் எனக்கு வரன் வந்தது. பள்ளிப்பட்டில் கைத்தறித் துணி வியாபாரம் செய்தவர் என் மாமனார். அவருடைய துணிச் சிப்பங்கள் எல்லாம் அண்ணன் மூலமாகத்தான் போய்வரும். சரக்கை இவ்வளவு ஒழுங்காக அனுப்புகிறவன் தங்கையையும் ஒழுங்காகத்தான் வளர்த்திருப்பான் என்று முடிவு செய்துகொண்டு அவராகவே பெண் கேட்டு வந்தார். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போது அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு நகை வேணாம், சீர் வேணாம். எங்க ஜனம் பள்ளிப்பட்டுல இருந்து வண்டி கட்டிகினு வரும். அதுங்களுக்கு வயிறார இலை போட்டு சாப்பாடு போடுங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

"ஆங், அது என் பொறுப்பு" என்றார் அண்ணன். சரக்கு நகர்த்துகிறவரிடம் சாப்பாடு மட்டும் கேட்டால் அவருக்கு என்ன கஷ்டம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ரேஷன் காலத்தில் கல்யாண அரிசி சேர்ப்பது லேசான காரியமில்லை. அண்ணன் மாதக்கணக்கில் அலைந்து, அனுமதி வாங்கி, அரிசியும் பருப்பும் வெல்லமும் நெய்யும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். மலைக்கோயிலில் தாலி கட்டு, அடிவாரத்துச் சத்திரத்தில் விருந்து என்று ஏற்பாடு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை சத்திரத்தில் வேறு ஒரு கல்யாணக் கூட்டம் இருந்ததால், எங்கள் சாமான், அண்டா, தவலை, இலைக்கட்டு எல்லாம் கொட்டகையில் ஒரு மூலையில் காத்திருந்தன. அண்ணன் தம் கையாலேயே எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டு, விளக்குக்கு மண்ணெண்ணெய் அனுமதி கேட்கத் தாலுக்கா ஆபீசுக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அத்தை, சாமான்களுக்குக் கற்பூரம் காட்டக் கொட்டகைக்குப் போனார். கல்யாண அண்டாவில் வெள்ளைப் பொட்டைப் பார்த்ததும் அவருக்கு மனசு பொறுக்கவில்லை. "சுண்ணாம்ப வச்சி எவனாவது சுப காரியம் பண்ணுவானா? தாயில்லாப் பொண்ணு கல்யாணம்னா இவனுங்களுக்கு எளக்காரமா பூடுச்சி" என்று புலம்பிக்கொண்டே, முந்தானையை நனைத்து அத்தனை பொட்டையும் துடைத்தார். பிறகு அண்டா, தவலை, மூட்டை, நெய்ச்சட்டி, இலைக்கட்டு ஒன்றையும் விடாமல் மஞ்சள் பூசி, நடுவில் நல்ல பெரிய குங்குமப் பொட்டாக வைத்தார். கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டு, நிறைந்த மனசோடு வீட்டுக்கு வந்து எங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தார்.

அத்தை இந்தப் பக்கம் வர, கூட்ஸ் ரயில் அந்தப் பக்கம் வந்தது.

அண்ணன் மண்ணெண்ணெய் டின்னோடு திரும்பியபோது கொட்டகை மூலை துடைத்துவிட்டது மாதிரி சுத்தமாக இருந்தது. வண்டிக்காரர்கள் சாமான்களைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். பிறகு நடந்ததை முனுசாமியே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"முனுசாமி, சாமான் எங்க?"

"ஏத்திட்டேன் மொதலாளி."

"எதுல?"

"ரயில்ல. செவப்பு பொட்டு கீது, ஏத்திட்டேன்."

"அண்டாவ பாத்தா தெரியலயா உனக்கு? நம்ம ஊட்டு அண்டா அது."

"தெரிஞ்சிதே. நம்ம ஊட்டு அண்டா பட்டணத்துக்கு இன்னாத்துக்கு போவுதுன்னு நெனச்சேன். கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதான் கேக்கல."

அண்ணன் அப்படியே தராசுத் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாராம். அடுத்த ரயிலைப் பிடித்து அரக்கோணம் ஓடினார். எங்கள் வேகனை அங்கே ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் பட்டாளத்துச் சரக்கு. யுத்தத்துக்குப் போகும் சரக்கு நகராமல் எங்கள் கத்தரிக்காய் நகராது. அங்கிருந்த குமாஸ்தா அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வரும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அண்ணன் வெறுங்கையோடு திரும்பினார். காலி வண்டி என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

விடிந்தால் கல்யாணம். ஊரில் பணம் வைத்துக்கொண்டு நின்றாலும் அனுமதி இல்லாமல் அரிசி கிடைக்காது. ஆனால் எங்கள் கொட்டகையிலேயே ஒரு கடைக்காரருக்கு வந்த அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அத்தை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, அதுல கொஞ்சம் எடுத்துக்கலாம்டா. நம்முது வந்ததும் அப்டியே திருப்பி வச்சிடலாம். ஆருக்குத் தெரியப் போவுது?"

"அது நம்ம அரிசி இல்ல அத்தே. நம்மள நம்பி நிக்குது, அவ்ளோதான்."

"உன் தங்கச்சி மானம் போவுதேடா."

அண்ணன் மூட்டைகளைத் தொடவில்லை. மஞ்சள் பூசிக்கொண்டு நின்றிருந்த எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஊரார் அரிசிக்கு இருக்கிற மரியாதை உடன்பிறந்தவளுக்கு இல்லையா என்று அழுதேன். மாமனார் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கொடுக்க முடியாமல் நான் அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு போவது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

மலைமேல் மேளம் தொடங்கியாயிற்று. தாலி கட்டுவதற்கு முன் அண்ணன் மாமனாரைத் தனியாக அழைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார். "சம்பந்தி, தாலி ஏறறதுக்கு முன்னாடி சொல்லிடணும். சாப்பாடு இல்ல. சாமான் எல்லாம் ரயில் ஏறி அரக்கோணத்துல நிக்குது."

"ஆரு ஏத்துனது?"

"எங்க ஆளுங்கதான். என் பேச்ச கேட்டுத்தான் ஏத்தினாங்க."

மாமனார் விடவில்லை. "என் துணிச் சிப்பம் ஒரு நாளும் தப்பினது இல்லியே, சம்பந்தி."

"அது உங்க சரக்கு. இது என்னுது."

மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மாமனார் கையை உயர்த்தினார். "சரி, தாலி கட்டட்டும். நல்ல நேரம் அரக்கோணத்துல போய் நிக்காது" என்றார். தாலி ஏறியது. நான் தலையைத் தூக்கவில்லை. படியிறங்கும்போதெல்லாம், கீழே வெறும் சத்திரத்தில் இத்தனை ஜனத்தை எப்படி உட்கார வைப்பது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

சத்திரத்து வாசலில் புகை தெரிந்தது. முனுசாமி நின்றுகொண்டிருந்தார். விடியற்காலையில் வண்டிக்காரத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, இருந்த கேழ்வரகு மாவையெல்லாம் திரட்டி, பெண்களைக் கூட்டிவந்து களி கிண்ட வைத்திருக்கிறார். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல், முருங்கைக் கீரை. இதையும் அவர் அண்ணனிடம் கேட்கவில்லை. சொன்ன சட்டத்தை அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தில் களியா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்திருக்கப் பார்த்தார். மலை ஏறி இறங்கிய பசி அவரை மறுபடி உட்கார வைத்தது. அவர்தான் மூன்று உருண்டை சாப்பிட்டார். மாமனாரும் முகம் கோணாமல் சாப்பிட்டுக் கை கழுவினார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் பள்ளிப்பட்டு வண்டிகள் பூட்டும் நேரத்தில் அவர் அண்ணனிடம் வந்தார்.

"சம்பந்தி, களி நல்லா இருந்துச்சி. ஆனா அது உங்க வண்டிக்காரங்க போட்டது. நீங்க போடறேன்னு சொன்னது இன்னும் வர்ல. சாமான் வந்து சேந்ததும் சொல்லியனுப்புங்க. வந்து சாப்டுட்டு, பொண்ண கூட்டிகினு போறோம்."

கோபமாகச் சொல்லவில்லை. வியாபாரி ஒரு சிப்பத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அப்பாவோடு வண்டியேறிப் போனார். நான் கழுத்தில் புதுத் தாலியோடு அண்ணன் வீட்டிலேயே நின்றுவிட்டேன். தெருவே வந்து துக்கம் விசாரித்தது.

அன்றிலிருந்து அண்ணன் தினமும் காலை ரயிலில் அரக்கோணம் போவார். குமாஸ்தா "வரும்" என்பார். மதியம் திரும்பி வந்து, "வருமாம்" என்பார். இத்தனை வருடங்களாக வியாபாரிகளுக்கு இதே பதிலைச் சொல்லி அனுப்பியவர் அண்ணன்தான். ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வரும்னு சொல்றது எவ்ளோ கெட்ட பேச்சுன்னு இப்பதாம்மா தெரியுது. எப்பன்னு சொல்லணும். சொல்லத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். அங்க ஒருத்தன் ஊட்டுல பொண்ண வச்சிகினு காத்துகினு கீறான்."

அதற்கு முன் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததே இல்லை. தூக்குவாளி கொட்டகைக்குப் போகும். இப்போது எனக்குச் செய்தி சொல்ல வேண்டியிருந்ததால் வந்தார். வந்தவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்குப் பூசணிக்காயே பிடிக்காது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தை மனசு நோகும் என்று வருடக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார் என்று சொன்னார். சின்ன வயசிலிருந்து தமக்கு மாட்டைக் கண்டால் பயம், அதனால்தான் வண்டி ஓட்டாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்து இவ்வளவு சட்டம் போட்டதாகவும் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் அத்தை உள்ளிருந்து ஓடி வந்தார். எனக்கிருந்த கோபம் எந்தச் சாப்பாட்டு நேரத்தில் போனது என்று தெரியவில்லை.

ஒருவழியாக வேகன் வந்தது. கத்தரிக்காய் போயே போய்விட்டது, இலைக்கட்டு சருகாகியிருந்தது, வெல்லத்தில் எறும்பு புற்று வைத்திருந்தது. அரிசியும் பருப்பும் நெய்யும் பத்திரம். அண்ணன் கொட்டகை முற்றத்திலேயே அடுப்பு மூட்டினார். புது இலை வாங்கி, களி கிண்டிய பெண்களையும் வண்டிக்காரர்களையும் முதல் பந்தியில் உட்கார வைத்தார். சொல்லியனுப்பியபடி மாமனார் கரி பஸ்ஸில் வந்து இறங்கினார். வழியெல்லாம் தள்ளிக்கொண்டு வந்ததில் அப்பாவும் பிள்ளையும் முகமெல்லாம் கரியாக இருந்தார்கள். என் வீட்டுக்காரர் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகச் சாம்பார் வாளியைத் தூக்கினார். முனுசாமி இலையில் அவர் குனிந்து பரிமாறியதைப் பார்த்தபோதுதான், இவரோடு இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

மாமனார் முனுசாமிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பாயசம் வரை நிதானமாகச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டு, இலையை மடித்து, "இப்பதான் கல்யாணம் முடிஞ்சிது, சம்பந்தி. பொண்ண அனுப்புங்க" என்றார்.

வண்டி வந்து நின்றது. இதற்குள் அண்ணன் சட்டத்தைத் திருத்தியிருந்தார். யாருடையது, எங்கே போகிறது என்று வாய்விட்டுக் கேட்காமல் ஒரு மூட்டையையும் ஏற்றக் கூடாது என்பது புதுச் சட்டம். முனுசாமி என் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, கடமை தவறாமல் கேட்டார்: "மொதலாளி, இது எங்க போவுது?"

அண்ணன் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டார். மாட்டுக்குப் பயந்தவர் அவ்வளவு நேரம் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். அத்தைதான், "பள்ளிப்பட்டுக்குடா, ஏத்து" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணிக்கும் அண்ணனுக்கும் திருமணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், மாட்டு வண்டிகள் லாரிகளாகின. அந்த விவரமெல்லாம் இந்த மலரில் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். கடைசி நாள்களில் படுக்கையில் இருந்தபோதும் அண்ணன் பார்க்க வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஆரஞ்சு அரக்கோணத்துக்காரர் பையில் போகும்; அரக்கோணத்து ரொட்டி பள்ளிப்பட்டுக்குப் போகும். நான் கேலிக்காகக் கொண்டுபோன பூசணிக்காய்க் கூட்டை மட்டும் வந்தவர்கள் ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணியைத்தான் சாப்பிட வைத்தார். ஒருநாள் மதியம் சிரமமில்லாமல் உயிர் பிரிந்தது. அவர் இல்லாத திருத்தணியில் ரயிலைவிட்டு இறங்க எனக்கு இன்னும் பழகவில்லை.

அண்ணனை இரவு பகலாகக் கவனித்துக்கொண்ட அண்ணிக்கும், அழைத்த நேரத்துக்கெல்லாம் வீட்டுக்கு வந்த மருத்துவருக்கும், காரியங்கள் முடியும் வரை தங்கள் வீட்டு அடுப்பை எங்களுக்கு விட்டுக்கொடுத்த தெருக்காரர்களுக்கும், ஓட்டிக்கொண்டிருந்த லாரிகளை வழியிலேயே நிறுத்திவிட்டு வந்து அண்ணனைத் தோளில் சுமந்த வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முனுசாமி காலமாகி வெகுகாலம் ஆகிறது. அவர் அன்றைக்குச் சரியாக ஏற்றியிருந்தால் தாலி கட்டிய அன்றே நான் பள்ளிப்பட்டுக்குப் போயிருப்பேன். அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிட்ட மதியங்கள் எனக்குக் கிடைத்திருக்காது. அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.